நவாலியூர்ப் புலவரும் ஆடிக் கூழும்

ஆனி கழிந்து ஆடி பிறக்கும் நாள் அணுகுந்தோறும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஒரு பாட்டு உயிர்பெற்று எழும். நாளைக்குப் பாடசாலை இல்லை, கூழ் குடிக்கலாம், கொழுக்கட்டை தின்னலாம் என்று ஒரு சிறுவன் தன் தோழரைக் கூவி அழைப்பதாக அமைந்த அந்தப் பாட்டைக் கேளாது வளர்ந்த பிள்ளைகள் ஈழத் தமிழரிடையே அரியர். பாட்டை அறிந்தார் பலர். பாடியவரின் பெயரை அறிந்தார் சிலர். அவர் பாடிய ஏனையவற்றை ஏடு திறந்து பார்த்தாரோ மிகச் சிலர். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் பெரும் புகழ் இவ்வாறு ஒரு கூழ்ப்பானையின் ஓரத்தில் வந்து தங்கிவிட்டது முறைதானா என்று கேட்பாரும் உளர்.

கலம்பகமும் குறமும் நாடகமும் யாத்த ஒருவரை ஏழு வயதுப் பிள்ளைகளின் பாட்டைக்கொண்டு மட்டும் நினைப்பது அவர் புலமைக்கு இழுக்கு என்பது அன்னோர் கருத்து. நாம் அதற்கு முழுவதும் உடன்படுவதற்கில்லை. கலம்பகம் பாடிய அதே புலமைதான் கூழையும் பாடியது. அப்பாட்டு எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நாவை விட்டு இறங்காதிருப்பதற்கு அதுவே காரணம். இதனை வாசகர்க்கு, சிறப்பாக மாணவர்க்கு, சற்று விரித்துக் காட்டலாம் என எண்ணுகின்றோம்.

புலவர் 1878 ஆம் ஆண்டிலே பிறந்தவர். அவர் பிறந்து வாழ்ந்த நவாலி, யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து சில மைல் தொலைவில் மானிப்பாயை அடுத்துக் கிடக்கும் ஊர். வயலும் பனங்கூடலும் நிறைந்தது. மாரியில் மட்டும் நீர் ஓடும் வழுக்கையாறு அந்தப் பக்கமாகவே சென்று கடலேரியைச் சேர்கின்றது. அவர் பிறந்த காலமும் நோக்கத்தக்கது. 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர் 1879 இல் மறைந்தார். அப்பால் வட்டுக்கோட்டையிலே அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் அமைத்த செமினரி மூடப்பட்டு, அதன் இடத்தில் 1872 முதல் யாழ்ப்பாணக் கல்லூரி நடந்துவந்தது. மானிப்பாயிலே டாக்டர் கிறீன் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்து நூல்களும் ஆக்குவித்துச் சென்றிருந்தார். ஒருபுறம் ஏட்டுச்சுவடியும் புராண படனமும், மறுபுறம் அச்சுப் புத்தகமும் ஆங்கிலக் கல்வியுமாக இருந்த நாட்டிலே அவர் வளர்ந்தார். வட்டுக்கோட்டை இந்து ஆங்கிலப் பாடசாலையிலே ஏறத்தாழ நாற்பது ஆண்டு ஆசிரியராக இருந்தார்.

நாற்பது ஆண்டு என்பதை விரைந்து வாசித்துக் கடந்துவிடலாகாது. ஆண்டுதோறும் புதிதாக வந்து அமரும் பிள்ளைகளின் முகத்தை நாற்பது முறை பார்த்தவர் அவர். எந்தச் சொல்லுக்குப் பிள்ளையின் கண் விரியும், எந்த இடத்தில் அதன் கவனம் யன்னலுக்கு வெளியே ஓடிவிடும் என்பதை இலக்கண நூல் எதுவும் சொல்லித் தராது. வகுப்பறை சொல்லித் தரும்.

இனி, அக்காலத்து யாழ்ப்பாணத்திலே புலவர் என்றால் யார் என்பதையும் இன்றைய மாணவர் அறிதல் வேண்டும். இன்று கவிஞர் என்றால் நூல் வெளியிடுபவர், மேடையிலே பாடுபவர் என்று எண்ணுகின்றோம். அன்று ஊருக்குத் தச்சனும் கொல்லனும் வேண்டியிருந்தாற்போலவே புலவனும் வேண்டியிருந்தது. கோயிலிலே திருவிழா முடிவில் சுவாமியை ஊஞ்சலில் வைத்து ஆட்டும்போது பாட அந்தக் கோயிலுக்கென்றே ஒரு திருவூஞ்சற் பதிகம் வேண்டும். கலியாண வீட்டிலே வாசிக்க வாழ்த்துப்பா வேண்டும். ஒருவர் நூல் அச்சிட்டால் சிறப்புப்பாயிரம் வேண்டும். ஒருவர் காலமானால் அவர் இறந்த ஆண்டு, திங்கள், பக்கம், திதி ஆகியவற்றை ஒரு வெண்பாவுக்குள் அடக்கித் தரவேண்டும். அந்தியேட்டி நாளிலே அதனை முதலில் வைத்து, குடும்ப வரலாற்றையும் பிரிவாற்றாமையையும் பாடி அச்சிட்டு வந்தார்க்கு வழங்குவர். அந்தச் சிறு புத்தகத்துக்குக் கல்வெட்டு என்று பெயர். கல்லிலே வெட்டாதது, தாளிலே அச்சிடுவது, ஆயினும் பெயர் கல்வெட்டு! பிறப்பு முதல் இறப்பு வரை மனிதரின் வாழ்விலே செய்யுள் நுழைந்திருந்த சமுதாயம் அது.

அத்தகைய சூழலில் நின்ற சோமசுந்தரப் புலவர் தம் ஊர் அட்டகிரியில் எழுந்தருளியிருக்கும் முருகப் பெருமான்மீது கலம்பகம் பாடினார். கலம்பகம் பாடுவது எளிதன்று. பதினெட்டு உறுப்புக்கள் அமையவேண்டும். பலவகைப் பாவும் பாவினமும் விரவி வரவேண்டும். ஒரு செய்யுளின் ஈறு அடுத்த செய்யுளின் தொடக்கமாகி, கடைசிச் செய்யுளின் ஈறு முதற் செய்யுளைச் சென்று தொடவேண்டும். தேவர்மீது பாடினால் நூறு செய்யுள் என்பது பாட்டியல் நூலார் வகுத்த கணக்கு. பின்னி முடித்த பனையோலைப் பெட்டியின் வாய்விளிம்பு போல எங்கே தொடங்கினார் எங்கே முடித்தார் என்று தெரியாதபடி இருப்பதுதான் அதன் அழகு. அட்டகிரிக் கலம்பகத்தோடு நாமகள் புகழ்மாலை முதலிய பிற நூல்களையும் அவர் இயற்றினார். உயிரையே இளங்குமரன் என்னும் பாத்திரமாக்கிச் சைவ சித்தாந்தக் கருத்தை மேடைக்குக் கொண்டுவரும் உயிரிளங்குமரன் என்னும் நாடகமும் அவர் செய்ததே.

இந்த வரிசையிலே மூன்று நூல்கள் நம் கவனத்தைச் சிறப்பாக ஈர்க்கின்றன. அவை ஈழநாட்டுக் குறம், இலங்கை வளம், தாலவிலாசம் என்பன. குறம் என்பது பழைய பிரபந்த வகை. குறத்தி வந்து தன் மலைவளமும் நாட்டுவளமும் கூறிக் குறி சொல்லுவாள். தமிழ்நாட்டுக் குறத்தி குற்றாலத்தையும் பொதியிலையும் பாடிக்கொண்டிருந்தாள். நவாலிப் புலவரோ அவள் வாயிலே ஈழநாட்டை வைத்தார். பழைய வடிவத்தை மாற்றாது, அதனுள்ளே தம் மண்ணைக் கொண்டுவந்து இருத்தும் இந்த வேலைதான் அவர் வாழ்நாளெல்லாம் செய்த வேலை என்று நாம் கருதுகின்றோம்.

தாலம் என்றால் பனை. தாலவிலாசம் பனையின் பெருமை பேசுவது. யாழ்ப்பாணத்தவருக்குப் பனையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். எமக்கும் அந்தக் குறை உண்டு, வாசகர் பொறுத்தருள்க. இளங்காயில் நுங்கு. பாளையிலே பதநீர், அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. அந்தப் பனங்கட்டியை வைப்பதற்கு ஓலையிலே குட்டான். பழத்தைப் பிசைந்து வெயிலிற் பரப்பினால் பனாட்டு. விதையைப் பாத்தியிலே புதைத்தால் கிழங்கு. கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். வீட்டுக்கு வளையும் கூரை வேய ஓலையும் பனையே தரும். இவ்வளவும் தந்த மரம், புலவர் பாட்டெழுத ஏடும் தந்தது. பனையைப் பற்றிய பாட்டைப் பனையோலையில் எழுதக்கூடிய நாடுகள் உலகிலே சிலவே.

இப்போது பிள்ளைப் பாட்டுக்கு வருவோம்.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்திலே பிள்ளைக்கு முதலில் நெட்டுருப் பண்ணத் தருவது ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் உலகநீதியும். சற்று வளர்ந்தால் நிகண்டு. இவற்றின் பெருமையைக் குறைத்துப் பேசுவது எம் நோக்கமன்று. அவ்வை சொன்னதை மறந்தால் நமக்கு எஞ்சுவது யாது? ஆயினும் அவை பெரியவர் பிள்ளைக்குச் சொல்பவை. பிள்ளை தானே தன் வாயாற் சொல்வதாக ஒரு பாட்டு அன்று அரிது. ஆங்கிலப் பாடசாலைக்குப் போன பிள்ளைகளோ தம் வாழ்நாளிற் கண்டிராத பனிமழையையும் அந்நியப் பூக்களையும் பாடிக்கொண்டிருந்தனர். தமிழ்நாட்டிலே பாரதியார் 1915 இல் பாப்பாப் பாட்டைத் தந்தார். புலவருக்கு இரண்டாண்டு மூத்தவரும் அவரைப் போலவே ஆசிரியருமான கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பசுவையும் கன்றையும் கிளியையும் குழந்தைகளின் மொழியிலே பாடிவந்தார்.

ஈழத்திலே இந்த முயற்சிக்குத் தூண்டுகோலாய் நின்றவர் வித்தியாதரிசியாக இருந்த க. ச. அருள்நந்தி அவர்கள். பாடசாலைகளைப் பார்வையிடும் அதிகாரி ஒருவர் பிள்ளைகள் பாடுவதற்குப் பாட்டில்லை என்று கவலைப்பட்டார் என்பதே ஒரு நற்செய்தி. அவருடைய முயற்சியாற் புலவர்கள் பிள்ளைகளுக்கென்று பாடலாயினர்; அப்பாடல்களின் தொகுதி பிள்ளைப்பாட்டு என்னும் பெயருடன் 1935 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அக்காலை ஐம்பத்தேழு வயதினரான சோமசுந்தரப் புலவர் இத்துறையிலே முன்னின்றார். அவருடைய குழந்தைப் பாடல்கள் சிறுவர் செந்தமிழ் என்னும் தனி நூலாகவும் உள்ளன.

ஆடிப்பிறப்புப் பாட்டை எடுத்துக்கொள்வோம். அதனுள் என்ன இருக்கின்றது? ஆராய்ந்து பார்த்தால் அது ஒரு சமையற் குறிப்பு. பாசிப்பயறு வறுத்துக் குற்றப்படுகின்றது. பச்சையரிசி இடித்துத் தெள்ளப்படுகின்றது. மா பதமாக வறுபடுகின்றது. தேங்காய் உடைத்துத் துருவப்படுகின்றது. கொழுக்கட்டை ஒரு பக்கம், கூழ் ஒரு பக்கமாக, எது முன் எது பின் என்ற ஒழுங்கு தவறாமல் வேலை நடக்கின்றது. இப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அடுப்பங்கரையே அறியாத ஒருவர் ஆடிக் கூழ் காய்ச்சிவிடலாம். அளவு மட்டும் தாயாரைக் கேட்கவேண்டும்.

தாய் வேலை செய்கின்றாள். சிறுவன் பார்த்துக்கொண்டிருக்கின்றான். வாயூறுகின்றது. அவனுக்கென்று ஒரேயொரு வேலைதான் உண்டு: ஓடிப்போய்ப் பலாவிலை பொறுக்கி வருவது. அந்த இலையை மடித்துக் கோலி ஈர்க்கினாற் குத்தினால் கிண்ணமாயிற்று. குத்துவிளக்கேற்றி, இளநீரும் பழமும் வெற்றிலை பாக்கும் வைத்துப் படைத்த பின்னர், தாய் அகப்பையால் அள்ளி வார்க்கின்றாள், பிள்ளைகள் குடிக்கின்றனர். பாட்டு முடிந்துவிடுகின்றது.

ஆம், அவ்வளவுதான். உண்ணும்போது பேசாதே என்றோ, தாய்சொல் தட்டாதே என்றோ, உழைத்தால் உயர்வு என்றோ ஒரு சொல் அதில் இல்லை. பிள்ளைகளுக்கு எழுதுகோல் எடுத்தவரெல்லாம் அறிவுரையோடு எழுந்த காலத்திலே, நாற்பது ஆண்டு பாடசாலையில் இருந்த ஓர் ஆசிரியர் அறிவுரையே இல்லாமல் ஒரு பாட்டைப் பாடி முடித்தார் என்பதை நாம் பெரிதும் மதிக்கின்றோம். அவருக்கு அறிவுரை தெரியாமலன்று. கூழ் குடிக்கும் பிள்ளைக்கு அந்நேரம் அது வேண்டாம் என்பது அவருக்குத் தெரியும்.

கலம்பகப் புலமை இதில் எங்கே என மாணவர் கேட்பர். அடிகளின் முதற் சொற்களை நோக்குக. பாசியை அடுத்து வாசம் வருகின்றது. வில்லைக்குப் பல், பூவுக்கு மா. இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது எதுகை என்று இலக்கணப் புத்தகம் கூறும். ஆனால் இங்கே எதுகை அணிகலனாக வரவில்லை. பாசிப்பயற்றைச் சொன்ன பிள்ளைக்கு அடுத்த அடி மறந்துபோனால், அந்த எழுத்தின் ஒலியே வாசத்தை இழுத்து வந்து கொடுத்துவிடும். கிணற்றுக் கயிற்றிலே இடையிடையே முடிச்சுப் போட்டு வைத்தாற்போலப் பிள்ளையின் நினைவு வழுக்காமல் இறங்குவதற்கு ஏற்ற முடிச்சுக்களைப் புலவர் போட்டிருக்கின்றார். சந்தமும் அப்படியே, கைதட்டிக் குதித்தாடும் கும்மி நடையிலே அமைந்திருப்பதால் காலும் கையும் சேர்ந்து பாட்டைக் காக்கின்றன. இதைச் செய்வதற்குத் தொடை விகற்பமெல்லாம் கைவந்த ஒருவரே வேண்டும். மற்றவர் செய்தால் எதுகை தெரியும், கூழ் தெரியாது.

சொல்லாட்சியும் அத்தகையதே. செந்தமிழ்ப் புலவராயிற்றே என்று பனங்கட்டிக்கு வேறு பெயர் தேடி அவர் அலையவில்லை. தோண்டி, அகப்பை என்று வீட்டிலே வழங்கும் பெயர்களே செய்யுளில் ஏறின. ஏறியும் செய்யுள் தாழவில்லை. ஓடியற் கூழ்தான் யாழ்ப்பாணத்துக்குப் பெயர் தந்தது என்று எண்ணும் வெளிநாட்டு நண்பர்களுக்கு ஒரு சொல்: மீனும் நண்டும் இட்டு உறைப்பாகக் காய்ச்சும் ஒடியற் கூழ் வேறு, பனங்கட்டியும் தேங்காய்ப் பாலும் பயறும் மாவுண்டையும் இட்ட இந்த இனிப்புக் கூழ் வேறு. ஆடிப்பிறப்புக்கு உரியது இதுவே.

கத்தரித் தோட்டத்து வெருளியைப் பற்றிய பாட்டும் இவ்வாறே ஊரெங்கும் பரந்தது. பயிரை அழிக்கவரும் பறவையையும் விலங்கையும் வெருட்டுவதற்குத் தோட்டத்து நடுவில் நாட்டும் உருவத்துக்கு எங்கள் நாட்டிலே வெருளி என்று பெயர். தடியும் வைக்கோலும் பழந்துணியுங் கொண்டு கமக்காரன் செய்து நிறுத்துவான். புலவர் அதனை ஒரு சேவகன் என விளித்து, கூலி ஏதும் வாங்காமல் இத்துணைக் கவனமாகக் காவல் புரிபவர் வேறு யார் என்று வியக்கின்றார். கேட்கும் பிள்ளைக்கு முதலில் உண்மைக் காவலாளன் ஒருவன் நிற்பதாகத் தோன்றும். பின்னர் மெல்ல மெல்ல உண்மை புலனாகும். உடனே சிரிப்பு வரும். பழம் புலவர் வஞ்சப்புகழ்ச்சி என்று வகுத்துவைத்த அணி, கத்தரித் தோட்டத்துக்கு வந்து பிள்ளைகளோடு விளையாடுகின்றது.

பெரும் புலவர் ஒருவர் எளிய பாட்டாற் பெயர் பெறுவது நம் நாட்டுக்கு மட்டும் உரிய புதுமையன்று. சீன தேசத்திலே தாங் அரசர் காலத்தில் பாய் சூயி என்றொரு புலவர் இருந்தார். 772 ஆம் ஆண்டிற் பிறந்து 846 இல் மறைந்தவர்; அரசாங்கத்திலே உயர்பதவி வகித்தவர். கரி விற்றுப் பிழைக்கும் கிழவனின் துயரைப் பாடியவர். அவர் ஒரு பாட்டை எழுதியவுடன் கல்வியறிவில்லாத கிழவி ஒருத்திக்கு வாசித்துக் காட்டுவாராம். அவளுக்கு விளங்காத சொல்லை மாற்றிவிடுவாராம். இது கர்ணபரம்பரைக் கதை. ஆனால் அவர் 815 ஆம் ஆண்டளவில் தம் நண்பரும் புலவருமாகிய யுவான் சென் என்பாருக்கு எழுதிய மடல் வரலாறு. அதிலே அவர், தாம் உயர்வாக மதிக்கும் பாடல்களை உலகம் பொருட்படுத்தவில்லை என்றும், தாம் இலேசாகக் கருதியவற்றையே உலகம் கொண்டாடுகின்றது என்றும் மனங்குறைந்து எழுதுகின்றார்.

நவாலிப் புலவருக்கு அத்தகைய மனக்குறை இருந்ததாக நாம் அறியோம். அவருக்குப் பிள்ளைகள் சூட்டிய பட்டம் தங்கத் தாத்தா என்பது. சங்கமும் சபையும் வழங்கும் பட்டங்கள் பல உண்டு. பொன்னாடையோடு வந்து பொன்னாடையோடு மங்கிவிடுவனவும் அவற்றுட் பல. தாத்தா என்று அழைக்கப்படும் பேறு எத்தனை புலவருக்குக் கிடைக்கும்?

எனினும் பிள்ளைப் பாட்டோடு நின்றுவிட்டால் அவரை அறிந்தவராகோம். ஆடிக் கூழைப் பாடிய நா இலங்கையின் வளத்தை எவ்வாறு பாடிற்று, பனையை எவ்வாறு பாடிற்று என்று உயர்வகுப்பு மாணவர் தேடிப் படித்தல் வேண்டும். அவருடைய மைந்தர் இளமுருகனாரும் தந்தை வழியே செந்தமிழ்ப் புலமையில் ஊன்றி, காரைநகர்ச் சிவன் கோயிலைப் பாடும் ஈழத்துச் சிதம்பர புராணத்தை இயற்றினார். பழைய புராண யாப்பு எங்கள் காலத்துக்கு எவ்வளவு அருகில் வரை உயிரோடிருந்தது என்பதற்கு அவ்வில்லமே சான்று.

புலவர் 1953 ஆம் ஆண்டு ஜூலை 10 ஆம் நாள் மறைந்தார். ஆடி பிறப்பதற்கு ஒரு வாரந்தான் இருந்தது. அந்த ஆண்டின் ஆடிப்பிறப்பும் வந்தது. பிள்ளைகள் அவர் பாட்டையே பாடியிருப்பார்கள்.

அதன் பின்னர் அவர் நாட்டுக்கு வந்த துன்பங்களை விரித்துரைக்க இஃது இடமன்று. ஆயினும் முற்றாக விடுதலும் இயலாது. 1981 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. 1995 ஜூலை 9 ஆம் நாள், இடம்பெயர்ந்த மக்கள் தஞ்சம் புகுந்திருந்த நவாலித் தேவாலயத்தின்மீது விமானக் குண்டுகள் விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நவாலி என்றவுடன் பாட்டை நினைத்த ஒரு தலைமுறைக்குப் பின்னே, அந்த நாளை நினைக்கும் ஒரு தலைமுறை தோன்றியது. அதே ஆண்டு ஒக்டோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் அனேகமாக எல்லோரும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு தென்மராட்சியை நோக்கி நடந்தனர். அந்த மழைக்காலத்து நடையிலே புத்தகம் சுமந்தவர் எத்தனை பேர்? சுமக்காதவர் வாயிலும் அந்தப் பாட்டு இருந்தது. எதுகை முடிச்சுக்களின் பயன் அப்போது தெரிந்தது.

இன்று அப்பாட்டு இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் பாடப்படுகின்றது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்களிலே பிள்ளைகள் அழகாகவே பாடுகின்றனர். ஆனால் ஆசிரியருக்கு வேலை கூடிவிட்டது. தோண்டி என்றால் என்ன? அகப்பை தேங்காய்ச் சிரட்டையிலே செய்ததா? ஈர்க்கு எங்கே வாங்கலாம்? இலையிலே கூழ் ஊற்றினால் ஒழுகாதா? பிள்ளைகள் கேட்பது நியாயமே. புலவர் காலத்துப் பிள்ளைக்குக் கண்முன் இருந்த பொருள்களே பாட்டாயின. இந்தப் பிள்ளைக்குப் பாட்டிலிருந்து பொருள்களை மீட்க வேண்டியிருக்கின்றது. சமையற் குறிப்புப் போல ஒன்றும் விடாமல் வரிசையாகப் புலவர் சொல்லிவைத்தது இதற்கும் உதவுகின்றது. பலாவிலை கிடைக்காத ஊரிலே காகிதக் கிண்ணத்தில் ஊற்றுகின்றனர். குளிர்ப்பெட்டியில் உறைந்து வந்த தேங்காய்த் துருவலும், யாழ்ப்பாணத்திலிருந்து குட்டானோடு வந்த பனங்கட்டியும் ஒரே பானையிலே சேர்கின்றன.

ஒரு சிக்கல் மட்டும் எஞ்சி நிற்கின்றது. ஆடி முதலாம் நாள் ஜூலை நடுப்பகுதியில் வருவது. இலண்டனிலே அந்நாளிற் பாடசாலை மூடுவதற்கு இன்னும் சில நாள் இருக்கும். ரொறன்ரோவிலோ ஜூன் இறுதியிலேயே மூடிவிட்டதாகையால் நாளைக்கு மட்டும் என்ன விடுமுறை என்று பிள்ளை கேட்கும். யாழ்ப்பாணத்திலேயே ஆடிப்பிறப்பு இன்று பொதுவிடுமுறை நாளன்று. எனவே மூன்று இடத்துப் பிள்ளைகளும், புலவர் வாங்கித் தந்த அந்த ஒருநாள் விடுதலையை, தத்தம் ஊர்க் கலண்டரைப் பார்த்து அண்மையிலுள்ள சனி ஞாயிறுக்கு மாற்றி வைத்துக்கொண்டு, கூழ் குடிக்கின்றனர்.